ஆராய்ச்சி மாணாக்கர் அறிய வேண்டுவன

தோற்றுவாய்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எம்மை, இவ்வாண்டின் இறுதி நெருங்குந்தோறும், ஒரு வினா விடாது பின்தொடர்கின்றது. “பட்டம் பெற்றபின் யாது செய்யப் போகின்றீர்கள்?” என்று பெற்றோரும் சுற்றத்தாரும் கேட்கின்றனர். எம்முட் சிலர், “ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெறுவோம்” என்று எளிதில் விடை கூறிவிடுகின்றோம். விடை கூறுதற்கண் உள்ள எளிமை அத்தொழிலின்கண் உண்டோ என்று யாம் நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற கோடை விடுமுறையில் எம் ஊரினராகிய அண்ணன் ஒருவரைக் கண்டோம். அவர் ஐந்தாண்டுகள் ஆராய்ச்சி மாணாக்கராக இருந்து, எடுத்த பணியை முடியாது விடுத்து, இப்பொழுது உயர்நிலைப் பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருப்பவர். யாம் ஆராய்ச்சியைப் பற்றி வினவியதும், பரணிலிருந்து இரண்டு தகரப் பெட்டிகளை இறக்கி எம்முன் வைத்தார். அவற்றுள் ஆயிரக்கணக்கான குறிப்புத் தாள்கள் இருந்தன. “தம்பி, இவற்றுட் பாதிக்குமேல் எந்த நூலில் எந்தப் பக்கத்தில் எடுத்தவை என்று நான் எழுதி வைக்கவில்லை. இப்பொழுது இவை எனக்கே உதவமாட்டா” என்றார். அன்றியும், தாம் எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றி வேறொருவர் பத்தாண்டுகட்கு முன்னரே ஆய்வுரை எழுதிப் பட்டமும் பெற்றிருந்ததைத் தம் நான்காம் ஆண்டிலேதான் அறிந்தனராம். அவ்வண்ணனார் யாம் அறிந்த தமிழறிஞருள் தலைசிறந்தவர். அவருக்கு அறிவிலும் உழைப்பிலும் குறைவில்லை. ஆராய்ச்சி என்னும் தொழிலின் பழக்கங்களை முன்னரே எடுத்துரைப்பார் இலராயினர். ஆதலின் அப்பழக்கங்கள் யாவை என்பதை யாம் கேட்டும் படித்தும் அறிந்த அளவில் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஆராய்ச்சியாவது யாது?

தேர்வுக்குப் படித்தலும் ஆராய்தலும் வெவ்வேறாம். தேர்வுக்குப் படிப்போன் பிறர் கண்டு முடித்தவற்றைத் தன் நினைவில் நிறுத்துகின்றான். ஆராய்வோன் இன்னும் விடை காணப்படாத ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, அதற்குரிய சான்றுகளைத் தேடித் தொகுத்து, அவற்றால் எய்தும் முடிவைப் பிறர் சோதித்துப் பார்க்குமாறு நிறுவுகின்றான். வகுப்பில் முதல்வனாக இருந்தோன் ஆராய்ச்சியில் இடர்ப்படுதற்குக் காரணம் இவ்வேறுபாடே. தேர்வில் வினாவைப் பிறர் கொடுப்பர். ஆராய்ச்சியிலோ வினாவையும் தானே காணவேண்டும்.

இதற்குத் தமிழுலகம் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. 1880ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரியிற் பணியேற்ற உ. வே. சாமிநாதையரவர்கள், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங் கேட்டு, அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் முதலிய பலவற்றிற் பெரும்புலமை எய்தியிருந்தார்கள். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் அவர்களைச் சந்தித்துச் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று கேட்டபொழுதுதான், தாம் பயிலாத பழைய நூற்பரப்பு ஒன்று உளதென்பதை அவர்கள் உணர்ந்தார்கள். 25 வயதிற் பெரும்புலவர் எனப் பெயர் பெற்ற ஒருவர், “யான் இதனை அறியேன்” என்று ஒப்புக்கொண்டு முதலெழுத்திலிருந்து தொடங்கியதே அப்பெரும்பணிக்கு வித்தாயிற்று. ஆராய்வோனுக்கு வேண்டும் முதற்பண்பு இவ்வொப்புக்கொள்ளுதலே என்பது எம் கருத்து.

பொருளைத் தேர்தல்

ஆய்வுப்பொருள் மிக விரிந்ததாயின் முடிவுறாது. மிகச் சுருங்கியதாயின் பயன்படாது. “சங்க இலக்கியம்” என்பது ஒருவன் வாழ்நாளுக்கும் அடங்காத பொருள். “சங்க இலக்கியத்தில் இயற்கை” என எல்லை கட்டிய பொருளைக் கொண்டு டாக்டர் மு. வரதராசனார் 1948ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். எல்லை கட்டுந்தோறும் வினா கூர்மையுறுகின்றது.

பொருளைத் தேர்ந்தபின், அதனைப் பிறர் முன்னரே ஆய்ந்துளரோ என்று தேடுதல் இன்றியமையாதது. முற்காலத்தில் இதற்குப் பல பல்கலைக்கழக நூல்நிலையங்களுக்கு நேரிற் செல்லவோ கடிதம் எழுதவோ வேண்டியிருந்தது. இக்காலத்திலோ இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுரைகள் பலவற்றைச் சோத்கங்கா என்னும் கணிப்பொறித் தொகுதியில் இருந்த இடத்திலிருந்தே காணலாம். ஆயினும் எல்லா ஆய்வுரைகளும் அதனுட் புகுந்துவிடவில்லை; ஒரே பொருள் வெவ்வேறு தலைப்புகளில் மறைந்திருத்தலும் உண்டு. ஆகவே அதனைப் பார்த்தபின்னும் துறையறிந்த ஆசிரியர் இருவர் மூவரையேனும் வினவுதல் நலம். எம் அண்ணனார் இழந்த நான்காண்டுகளை ஒரு திங்கள் தேடல் காத்திருக்கும்.

மூலங்களைத் தேடலும் ஏடு படித்தலும்

பழைய இலக்கியத்தை ஆய்வோர்க்கு அச்சுநூல் மட்டும் போதாது. சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகம் 1868ஆம் ஆண்டிலேயே போவர் ஐயராற் சென்னையில் அச்சிடப்பெற்றிருந்தது. எஞ்சிய பகுதியை ஏட்டிலேதான் படிக்க வேண்டியிருந்தது. ஐயரவர்கள் ஊர்தோறும் சென்று பிரதிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்து, 1887ஆம் ஆண்டில் நூல் முழுவதையும் வெளியிட்டார்கள். தொடங்கிய நாளிலிருந்து ஏழாண்டுகள் சென்றன என்பதைக் கருதுக. இற்றைநாளில், சென்னையில் 1869இல் நிறுவப்பெற்ற அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூல்நிலையம், தஞ்சைச் சரசுவதி மகால், ஐயரவர்கள் பெயரால் 1943இல் அமைந்த நூல்நிலையம், 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலியன நமக்கு உள்ளமையின், ஊர்தோறும் அலையும் துன்பம் பெரிதும் குறைந்துளது. ஏடு படிக்கும் துன்பம் மட்டும் குறைந்திலது.

அத்துன்பத்தை விளக்குவோம். ஏடெழுதினோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியால் வைக்கும் புள்ளி ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ஒகர ஓகாரங்களும் அவ்வாறே. இவ்வேறுபாட்டை வரிவடிவில் விளங்கக் காட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பர். எனவே ஏட்டில் ‘எரி’ என்று காணப்படுவது நெருப்பாகிய எரியோ, நீர்நிலையாகிய ஏரியோ என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். மேலும், நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே வடிவின. ‘கரம’ என்று எழுதப்பட்டதனைக் ‘கரம்’ எனவும் படிக்கலாம், ‘காம்’ எனவும் படிக்கலாம், ‘காம’ எனவும் படிக்கலாம். சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை, அடிகள் பிரிக்கப்படுவதில்லை. செல்லரித்த இடத்தில் எழுத்தே இல்லை.

இந்நிலையில் துணைசெய்வது இலக்கணமும் யாப்புமேயாம். ஓர் எழுத்து ஐயமாயிருப்பின் எதுகையை நோக்கி அதனைத் துணியலாம்; தளை கெடுமாயின் பாடம் பிழைபட்டதென்று அறியலாம். வகுப்பறையில் அசையும் சீரும் பிரித்தலைச் சுமையெனக் கருதியிருந்த யாம், எம் பாட்டனார் வைத்திருந்த ஒரு சிறு மருத்துவச் சுவடியைப் படிக்க முயன்றபோதுதான் அவற்றின் அருமையை உணர்ந்தோம். ஒரு நாள் முழுதும் முயன்று யாம் படித்தது மூன்றே பாட்டு. அதனுள்ளும் இரண்டு இடங்களை ஐயத்தோடே விட்டோம். ஐயமான இடத்தை ஐயமென்றே குறித்தல் ஆராய்ச்சியாளனின் கடமை. தான் விரும்பிய சொல்லை அங்கே பெய்துவிடுவோன் பின்வருவோர் அனைவரையும் வழிதவறச் செய்வான்.

பிற துறையும் பிற மொழியும்

தமிழ் ஒன்றே கற்றுத் தமிழை ஆராய்ந்துவிடலாம் என்று எண்ணுதல் பொருந்தாது. சிந்தாமணி சமண நூலாதலின், ஐயரவர்கள் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குச் சென்று, அச்சமயக் கொள்கைகளையும் வழக்குகளையும் கேட்டறிந்தே பல இடங்களுக்குப் பொருள் துணிந்தார்கள். சைவ மரபிற் கற்ற அவர்கள் பிறசமயத்தார் வாயிலில் மாணாக்கராய் நின்றமை நாம் உளங்கொள்ளத் தக்கது. மணிமேகலைக்குப் பௌத்த நூலறிவு வேண்டியிருந்தமையின் அதன் பதிப்பு 1898ஆம் ஆண்டிற்றான் வெளிவந்தது. ஈழத்தறிஞராகிய க. கைலாசபதி அவர்கள் இங்கிலாந்திற் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க இலக்கியத்தில் வல்லுநராகிய ஜார்ஜ் தாம்சனிடம் ஆராய்ச்சி செய்தார். தமிழ் வீரநிலைக் கவிதையைக் கிரேக்கம் முதலிய பிறநாட்டு வீரப்பாடல்களோடு ஒப்புநோக்கி அவர் எழுதிய நூல் 1968இல் ஆக்ஸ்போர்டில் வெளியாயிற்று. எனவே ஆங்கிலமேயன்றி, எடுத்த பொருளுக்கேற்ப வடமொழியோ, பாலியோ, கல்வெட்டெழுத்தோ ஒன்றனையேனும் முதல் ஈராண்டிற்குள் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

குறிப்பெடுத்தல்

ஒவ்வொரு குறிப்பையும் தனித்தாளில் எழுதுக. நூற்பெயர், பதிப்பாசிரியர், பதிப்பு ஆண்டு, பக்கம் என்னும் நான்கனையும் முதலில் எழுதிவிட்டுப் பின்னரே குறிப்பைத் தொடங்குக. ஆசிரியர் சொல் எது, தன் கருத்து எது என்பது தெரியும்படி மேற்கோட்குறி இடுக. கணிப்பொறியிற் குறிப்பெடுப்போரும் இம்முறையையே கொள்ளல் வேண்டும். அவர் அதனை ஈரிடத்தேனும் படியெடுத்து வைத்தலும் வேண்டும்.

சொல்லடைவின் பயனும் பெரிது. ஒரு சொல் ஒரு நூலில் எத்தனை இடங்களில் எப்பொருளில் வருகின்றது என்று அறியாமல் அச்சொல்லைப் பற்றி முடிவு கூறலாகாது. டாக்டர் வ. அய். சுப்பிரமணியம் அவர்கள் புறநானூற்றுக்குச் செய்த சொல்லடைவு 1962ஆம் ஆண்டில் வெளிவந்து, பின்வந்த ஆராய்ச்சியாளர்க்குப் பெருந்துணையாயிற்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் இத்தகைய பொறுமைமிக்க தொகுப்புழைப்பின் பயனேயாம்.

காலமும் பொருளும் நெறியாளரும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குக் குறைந்த எல்லை மூன்றாண்டு. மிகுந்த எல்லை ஆறாண்டு. மறுபதிவினால் மேலும் ஈராண்டு பெறலாம். பெண்டிர்க்கும், நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட உடற்குறையுடையோர்க்கும் பின்னும் ஈராண்டு உண்டு. தகுதித் தேர்வில் உதவித்தொகைக்குத் தேர்ந்தோர்க்கு 2023ஆம் ஆண்டுமுதல் திங்களொன்றுக்கு 37,000 ரூபாயும், ஈராண்டின் பின்னர் 42,000 ரூபாயும் என வகுத்துளர். ஆயினும் இதனைப் பெறுவோர் சிலரே. பெறாதோர் பகலிற் பள்ளியிலோ கடையிலோ உழைத்து இரவில் ஆராய்கின்றனர். இல்லத்தில் இளையோரைப் படிக்கவைக்கும் பொறுப்புடையோர்க்கு இவ்வாறாண்டும் மிகப் பெரிய காலம். இதனை மறைத்து ஆராய்ச்சியின் பெருமையை மட்டும் பேசுதல் நேர்மையாகாது.

நெறியாளர் வழிகாட்டுவரேயன்றித் தூக்கிச் செல்லார். திங்கள்தோறும் சில பக்கங்களேனும் எழுதி அவரிடம் கொடுத்துத் திருத்தம் பெறுதல் வேண்டும். எல்லாம் படித்து முடித்தபின் எழுதலாம் என்று இருப்போர் எழுதுவதேயில்லை என்று எம் பேராசிரியர் அடிக்கடி கூறுவர். எழுதத் தொடங்கியபின்னரே எது தெரியவில்லை என்பது தெரியும்.

நேர்மை

பிறர் எழுதியதைத் தமதாகக் காட்டுதல் களவாகும். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வுரையிற் பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டு நாற்பது வரையாயின் திருத்தி எழுதிக் கொடுத்தல் வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரையாயின் ஓராண்டு தடை உண்டு. அறுபதுக்கு மேற்படின் பதிவே நீக்கப்படும். சட்டத்திற்கு அஞ்சி நேர்மையாயிருத்தல் கடைத்தரம். தனக்கு முன் உழைத்தவன் பெயரைச் சொல்லுதல் நன்றியறிதல் என்று கருதிச் செய்தலே தலைத்தரம்.

முடிவுரை

அண்ணனாரிடம் இசைவு பெற்று ஒரு பெட்டியை யாம் எடுத்துவந்தோம். வகுப்புத் தோழர் மூவர் மாலைதோறும் நூல்நிலையத்தில் அமர்ந்து, மூலம் குறிக்கப்படாத தாள்களுக்கு நூலும் பக்கமும் தேடினோம். மூன்று கிழமைகளில் நாற்பத்திரண்டு தாள்களுக்கு மூலம் கண்டோம். மற்றவை இன்னும் பெட்டியிலேயே உள்ளன. அவற்றைக் கொண்டுசென்று காட்டியபோது அண்ணனார் நெடுநேரம் ஒன்றும் பேசாது ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். பின்னர், “மறுபதிவுக்கு விண்ணப்பிக்கும் முறை யாதென்று கேட்டுச் சொல்லுங்கள்” என்றார். கேட்டு எழுதியிருக்கின்றோம்.

இப்பொழுது சுற்றத்தார் எம்மை வினவின் யாம் முன்போல் விரைந்து விடை கூறுவதில்லை. ஆராய்ச்சி செய்யவே விரும்புகின்றோம். அதற்குமுன் கல்வெட்டெழுத்தை ஓராண்டு கற்கப் போகின்றோம் என்று சொல்கின்றோம். இவ்விருப்பமுடைய தோழர் வேறு எவரேனும் நம் கல்லூரியில் இருப்பின், மாலையில் நூல்நிலையத்திற்கு வருக. பெட்டியில் தாள்கள் இன்னும் பல உள.