புதிதாகச் சேர்த்த வீட்டுக் கணினியில் தொடர் செயலிழப்பு

உதிரிப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே சேர்த்த மேசைக் கணினி, பயன்பாட்டின் நடுவே அடிக்கடி உறைந்துபோவது, நீலத்திரை காட்டி நிற்பது, அல்லது எந்த அறிவிப்பும் இல்லாமல் அணைந்து மீண்டும் தொடங்குவது தொடர் செயலிழப்பு எனப்படும். பேச்சுவழக்கில் இதைச் ‘சிஸ்டம் கிராஷ் ஆகிறது’ என்பார்கள். பழைய கணினியில் இது நேர்ந்தால் தேய்மானம், தூசி, நச்சுநிரல் என்று காரணம் தேடலாம். புதிய கணினியில் இவற்றுக்கு இடமில்லை. குறைபாடுள்ள பாகம், சரியாகப் பொருந்தாத இணைப்பு, பாகங்களின் திறனை மீறிய அமைப்பு ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஒரே நிறுவனம் கட்டி விற்ற கணினி பழுதானால் அந்த நிறுவனத்தையே கேட்கலாம். சேர்த்த கணினிக்கு அப்படியொரு முகவரி இல்லை. செயலி ஒரு நிறுவனத்துடையது, தாய்ப்பலகை எனப்படும் மதர்போர்டு இன்னொன்றுடையது, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. ஒவ்வொன்றுக்கும் தனி உத்தரவாதம் உண்டு. எந்தப் பாகம் பழுது என்று காட்டும் பொறுப்பு சேர்த்தவர் தலையில் விழுகிறது. பொருளை உடனே மாற்றித்தரும் காலம் பெரும்பாலும் சில நாள்களே. அது கடந்துவிட்டால் உத்தரவாத மையத்துக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே விண்டோசை மறுபடி மறுபடி நிறுவிப் பார்ப்பதில் முதல் வாரத்தைச் செலவிடுவது வீண்.

எப்போது நிற்கிறது?

கருவிகளைத் தேடும் முன் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டியது, கணினி என்ன செய்துகொண்டிருந்தபோது நின்றது என்பது. விளையாட்டு தொடங்கிய சில நொடிகளில் திரை கறுத்து இயந்திரமே மறுதொடக்கம் ஆனால் மின்வழங்கலைச் சந்தேகிக்கலாம். பத்து நிமிடம் நன்றாக ஓடிய பிறகு வேகம் குறைந்து அணைந்தால் வெப்பம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைக் குறியீட்டோடு நீலத்திரை வந்தால், உலாவியின் தாவல்கள் காரணமின்றி மூடிக்கொண்டால், சுருக்கிய கோப்பை விரிக்கும்போது ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்று வந்தால் நினைவகம் அல்லது செயலி. எந்த வேலையும் இல்லாமல் சும்மா இருக்கும்போது மட்டும் நிற்பதும் உண்டு. வேலை குறைந்த நேரத்தில் செயலி தன் மின்னழுத்தத்தை மிகவும் தாழ்த்திக்கொள்ளும்; ஆழ்ந்த வேலையைத் தாங்கும் கணினிகூட அந்த நிலையில் தடுமாறலாம். இவை உறுதியான தீர்ப்புகள் அல்ல, எங்கிருந்து தொடங்குவது என்பதற்கான குறிகள்.

பிழைத் திரையைப் படிக்க நேரம் கிடைப்பதற்காக விண்டோசில் ‘தானியங்கி மறுதொடக்கம்’ என்ற அமைப்பை நீக்கிவிட வேண்டும். (2025 முதல் விண்டோஸ் 11 இல் நீலத்திரைக்குப் பதில் கறுப்புத் திரை வருகிறது, அதில் உள்ள செய்தியின் பொருள் மாறவில்லை.) குறியீடு 124 என்றால் வன்பொருளே தன்னுள் பிழை கண்டதாக அறிவித்திருக்கிறது. 1ஏ என்பது நினைவக மேலாண்மைப் பிழை. 116 என்றால் கிராபிக்ஸ் இயக்கி பதில் தராமல் நின்றுவிட்டது.

விண்டோசின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் சிவப்புக் குறியுடன் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவைக் காண்பார்கள். பெயரில் ‘பவர்’ இருப்பதால் எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கியவர்கள் ஏராளம். அந்தப் பதிவு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது. ஏன் என்பதை அது அறியாது. அதே பதிவின் விவரப் பகுதியில் ‘பக்செக் கோடு’ என்ற வரி இருக்கும். அங்கே பூச்சியம் இருந்தால் விண்டோசுக்குப் பிழையைப் பதிவுசெய்யக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. திடீர் மின்தடை, முழு உறைவு, ரீசெட் பொத்தான் ஆகியவற்றின் பக்கம் அது கைகாட்டுகிறது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. அந்த எண்ணைத் தொடர வேண்டும்.

நினைவகம்

புதிய கணினியில் முதலில் சோதிக்க வேண்டியது ரேம். அது அடிக்கடி கெட்டுப்போகும் என்பதால் மட்டும் இவ்வாறு சொல்லவில்லை. ரேம் பழுதாக இருக்கையில் மற்ற எந்தச் சோதனையின் முடிவையும் நம்ப முடியாது. பிழையான ரேம் வழியாக எழுதப்படும் கோப்புகள் வட்டில் பிழையாகவே சென்று தங்கும். விண்டோஸ் நிறுவலும் அதற்கு விலக்கல்ல. பழுதான ரேமை மாற்றிய பின்னும் நீலத்திரை தொடர்வதற்கு இதுவே பொதுவான காரணம்: பாகம் சரியாகிவிட்டது, ஆனால் அது ஏற்கெனவே சிதைத்த கோப்புகள் அப்படியே இருக்கின்றன. விண்டோசை மறுநிறுவல் செய்ய வேண்டிய இடம் அதுதான்; ரேம் சோதனைக்குப் பிறகு, முன்பு அல்ல. பழைய கணினியிலிருந்து ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் புதியதற்கு மாற்றும் வேலையையும் அதுவரை தள்ளிப்போடுவது நல்லது.

பலருக்கு வியப்பளிக்கும் செய்தி, பெட்டியில் அச்சிட்ட வேகம் ரேமின் இயல்பு வேகம் அல்ல என்பது. டி.டி.ஆர்.5 வகையில் 6000 என்று விற்கப்படும் ரேம், பயாஸ் அமைப்பில் எதையும் தொடாவிட்டால் 4800 போன்ற பொது வேகத்திலேயே ஓடும். 6000 கிடைக்க எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். இன்டெல், ஏ.எம்.டி. இரண்டுமே இதை ஓவர்கிளாக்கிங் கணக்கில்தான் சேர்க்கின்றன. ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. அறிவித்த வேகம் இரண்டு ரேம் பட்டைகளுக்கு 5200. நான்கு பட்டைகள் செருகினால் 3600 மட்டுமே. இரண்டு பட்டைகளோடு நன்றாக ஓடிய கணினி, அதே வகையில் இன்னும் இரண்டு வாங்கிச் செருகியதும் தள்ளாடுவதன் காரணம் இதுவே.

ஆகவே முதலில் பயாசுக்குள் சென்று எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை அணைத்து, எல்லா அமைப்பையும் இயல்புக்குத் திருப்பிவிட்டு ஓரிரு நாள் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்திலேயே பல கணினிகள் அமைதியாகிவிடுகின்றன. அப்படியானால் ரேம் கெட்டது என்று பொருளல்ல; அந்தச் செயலியும் தாய்ப்பலகையும் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. பயாசைப் புதுப்பித்துப் பார்க்கலாம், அல்லது 6000 க்குப் பதில் 5600 வைக்கலாம். வேறுபாட்டை அன்றாடப் பயன்பாட்டில் உணர்வது கடினம்.

இயல்பு வேகத்திலும் நின்றால் மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86+ என்ற நிரலை யு.எஸ்.பி. விரலியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கிச் சோதிக்க வேண்டும். விண்டோசின் உள்ளேயே உள்ள நினைவகச் சோதனை இவ்வளவு கண்டிப்பானதல்ல. நான்கு சுற்று முடியச் சில மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ‘ஒன்றுதானே’ என்று விடக்கூடாது. பிறகு ஒவ்வொரு பட்டையாக, ஒரே துளையில் செருகிச் சோதித்தால் எந்தப் பட்டை என்று தெரியும். எல்லாப் பட்டையும் ஒரு துளையில் தேறி இன்னொரு துளையில் தவறினால் பழுது தாய்ப்பலகையில் அல்லது செயலி பொருந்திய விதத்தில் இருக்கிறது. நான்கு துளைகள் உள்ள பலகையில் இரண்டு பட்டைகளைச் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் செருகுவதே வழக்கம். கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

டி.டி.ஆர்.5 கணினி முதல்முறை தொடங்கும்போது, அல்லது ரேம் அமைப்பை மாற்றிய பின், சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். பலகை ரேமோடு ஒத்துப்போகும் அளவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதைச் செயலிழப்பு என்று எண்ணி நடுவில் அணைத்துவிடக் கூடாது.

மின்சாரம்

நீலத்திரையே வராமல் சட்டென்று அணைவது மின்வழங்கலின் கையெழுத்து. கிராபிக்ஸ் கார்டு சராசரியாக 300 வாட் இழுத்தாலும், மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக இழுக்கலாம். அதைத் தாங்காத எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இதனால்தான் 2022 இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரம், மொத்தத் திறனின் இருமடங்கை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று விதித்தது. கார்டில் இரண்டு 8 முள் இணைப்பு இருந்தால் ஒரே கம்பியின் இரு தலைகளைச் செருகாமல் எஸ்.எம்.பி.எஸ்.இலிருந்து இரண்டு தனிக் கம்பிகள் கொண்டுவருவது பாதுகாப்பு. கழற்றக்கூடிய கம்பிகளை வேறு எஸ்.எம்.பி.எஸ்.இன் கம்பிகளோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கும், வட்டே எரிந்துபோகலாம்.

சுவருக்கும் கணினிக்கும் நடுவில் உள்ளதையும் பார்க்க வேண்டும். வீடுகளில் பரவலாக வாங்கப்படும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவே தாங்கும். விளையாட்டுக் கணினி அதை எளிதில் தாண்டும். மின்சாரம் கண்சிமிட்டும்போதெல்லாம் யு.பி.எஸ். கைவிரிக்கும், பழி கணினி மேல் விழும். ஒரு நாள் யு.பி.எஸ். இல்லாமல் நேரடியாகச் சுவர்ச் செருகியில் மாட்டிப் பார்த்தால் இது தெளிவாகும். மென்பொருள் காட்டும் 12 வோல்ட் அளவீட்டை நம்பி எஸ்.எம்.பி.எஸ்.ஐக் குற்றம்சாட்டவோ விடுவிக்கவோ முடியாது. நண்பரிடமிருந்து தேவையான திறனுள்ள இன்னொன்றை ஒரு மாலைக்கு வாங்கி மாட்டிப் பார்ப்பதே நேரான சோதனை. பெட்டியின் ரீசெட் பொத்தான் சிக்கிக்கொண்டும் கணினி மறுதொடக்கம் ஆவதுண்டு. பலகையிலிருந்து அதன் சிறு கம்பியைக் கழற்றிவிட்டால் போதும்.

வெப்பமும் பொருத்தமும்

வெப்பச் சிக்கலைக் கண்டுபிடிப்பது எளிது. எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற நிரல் அளவைக் காட்டும். ரைசன் 7000 வரிசையில் பல செயலிகள் கடும் வேலையில் 95 பாகை செல்சியசைத் தொடும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சும்மா இருக்கும்போதே 80 க்கு மேல் இருந்தால் குளிர்விப்பான் சரியாக உட்காரவில்லை. அதன் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவது இன்றும் நடக்கிறது. பலகைக்கு அடியில் தேவையற்ற இடத்தில் திருகுதாங்கி ஒன்று நின்றால் அது பின்புறத்தைத் தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்படுத்தும். ஐயம் இருந்தால் பலகையை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, செயலி, குளிர்விப்பான், ஒரு ரேம் பட்டை மட்டும் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். செயலியிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டும் தேவையில்லை.

செயலியே காரணமானால்

செயலி பழுதாவது அரிது என்பது நெடுநாள் நம்பிக்கை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் அதை அசைத்தன. விளையாட்டு தொடங்கும்போது ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்ற பிழை வந்தது. 24 ஜி.பி. வீடியோ நினைவகம் உள்ள கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே செய்தி. இயல்பாகவே கார்டையும் அதன் இயக்கியையும் மாற்றிப் பார்த்தார்கள். உண்மையில் விளையாட்டின் தரவை விரிக்கும் கணக்கில் செயலி பிழை செய்துகொண்டிருந்தது. 2024 ஜூலையில் இன்டெல், செயலியின் நுண்நிரல் தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்டதை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டு முதல் திருத்தம் பயாஸ் புதுப்பிப்பு வழியாக வந்தது, உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. திருத்தம் இனி வரும் தேய்வைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த செயலியை மீட்காது. 2023 இல் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில எரிந்துபோனதை அடுத்து, பயாஸ் புதுப்பிப்பின் மூலம் ஒரு மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்ற வரம்பு இடப்பட்டது. கடையில் மாதக்கணக்கில் கிடந்த பலகையில் பழைய பயாஸ் இருக்கும் என்பதால், புதுக் கணினியில் அதைப் புதுப்பிப்பது முதல்நாள் வேலை. ரேமை இயல்பு வேகத்துக்குக் கொண்டுவந்து, மின்சாரம் நிலையாக இருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும்.

செயலியைச் சோதிக்கப் பிரைம்95 பயன்படும். பெரும் பகா எண்களைத் தேட எழுதப்பட்ட நிரல் அது. விடை சரியா என்று தானே சரிபார்த்துக்கொள்வதால் சிறு கணக்குப் பிழையும் சிக்கிவிடும். இன்டெலின் ஸ்கைலேக் செயலிகளில் இருந்த உறைவுக் குறை ஒன்று பிரைம்95 ஓட்டியவர்கள் மூலமே வெளிப்பட்டது, 2016 ஜனவரியில் இன்டெல் அதை உறுதிசெய்தது.

மென்பொருளா, வன்பொருளா என்ற ஐயம் தீரவில்லை என்றால் யு.எஸ்.பி. விரலியிலிருந்து உபுண்டு போன்ற லினக்சைத் தொடக்கி ஒரு நாள் பயன்படுத்தலாம். அங்கும் நின்றால் விண்டோசையும் அதன் இயக்கிகளையும் விட்டுவிடலாம்.

மாற்றிக் கேட்கும்போது

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். ரேமையும் எஸ்.எம்.பி.எஸ்.ஐயும் ஒரே நாளில் மாற்றிச் சரியானால், திருப்பித்தர வேண்டியது எது என்று தெரியாது. கடைக்காரரிடம் ‘கணினி அடிக்கடி நிற்கிறது’ என்றால் அவர் கடையில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்பார். ‘இந்தப் பட்டை இயல்பு வேகத்தில், இரண்டு துளைகளிலும் மெம்டெஸ்ட் பிழை தருகிறது, மற்றது தரவில்லை’ என்று திரையின் படத்தோடு சொன்னால் பேச்சு அங்கேயே முடியும். பட்டியலையும் பெட்டியையும் எடுத்துச்செல்ல வேண்டும். தாய்ப்பலகையைத் திருப்பித்தருவதாக இருந்தால், இன்டெல் பலகையின் செயலிக் குழியில் உள்ள முள்கள் வளையாதிருப்பதைக் காட்டும் தெளிவான படமும், குழியை மூடும் பிளாஸ்டிக் மூடியும் அவசியம். மூடி இல்லாத பலகையை ஏற்க உத்தரவாத மையங்கள் மறுப்பதுண்டு.