துப்பாக்கிக்கு ஒரு தாங்கி

நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இப்போது அதிகம். கடலூரில் பிறந்து நம் அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2021-இல் டோக்கியோவிலும் 2024-இல் பாரிஸிலும் ஒலிம்பிக் களத்தில் நின்றதைப் பார்த்த பிறகு எந்தப் பெண் குழந்தைக்குத்தான் ஆசை வராது? அதே பாரிஸில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். என் போன்ற பழைய ரயில்வேக்காரர்களுக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

பெருமை ஒருபுறம் இருக்கட்டும். பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "பிள்ளைக்குக் குறி சரியாக விழவில்லை. வேறு துப்பாக்கி வாங்கிவிடலாமா?" போட்டிக்கான வெளிநாட்டு ஏர் ரைபிளின் விலை லட்சக்கணக்கில். அந்தப் பணத்தைச் சேமிப்பிலிருந்து எடுக்கும் முன்பு, சில நூறு ரூபாய் செலவில் ஒரு தாங்கி செய்து பாருங்கள் என்பேன்.

10 மீட்டர் போட்டியில் நின்றுகொண்டு, எந்த முட்டும் இல்லாமல்தான் சுட வேண்டும். அங்கே தாங்கிக்கு இடமில்லை. பிறகு எதற்கு இது? குண்டு தவறான இடத்தில் விழுந்தால் சந்தேகப்பட வேண்டியவர்கள் மூவர்: துப்பாக்கி, பெல்லட், பிள்ளை. நின்று சுடும்போது மூவரின் குற்றமும் ஒன்றாகக் கலந்து அட்டையில் விழுகிறது. தாங்கியில் வைத்துச் சுட்டால் பிள்ளையின் கை நடுக்கம் கணக்கிலிருந்து பெரும்பாலும் கழிந்துவிடும். மிச்சம் இருவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

பணிமனையில் வேலை பார்த்தவர்களுக்கு லேத் இயந்திரத்தின் 'ஸ்டெடி' நினைவிருக்கும். நீளமான தண்டைக் கடையும்போது அது நடுவில் தொய்ந்து அதிராமல் இருக்க, மூன்று தாடைகள் கொண்ட ஒரு வளையத்தைத் தாங்கலாக வைப்போம். தாடைகளை அதிகம் நெருக்கினால் தண்டு சூடேறிக் கோடு விழும்; தளர்த்திவிட்டால் வெட்டு அலை அலையாக வரும். தண்டு தன் போக்கில் சுழல வேண்டும், ஆனால் விலகக் கூடாது. துப்பாக்கித் தாங்கிக்கும் இதே இலக்கணம்தான். இதை அறியாத சிலர் மரவேலை வைஸில் ரைபிளை இறுக்கிச் சுட்டுப் பார்க்கிறார்கள். அதில் வரும் முடிவு பயன்படாது, கட்டைக்கும் கேடு.

எவ்வளவு அசையாமல் இருக்க வேண்டும் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் தாங்கலுக்கும் பின் தாங்கலுக்கும் இடையே 45 செ.மீ. இருப்பதாக வையுங்கள். முன்பக்கம் 1 மி.மீ. உயர்ந்தால் 10 மீட்டர் தூரத்தில் குறி 22 மி.மீ. உயர்ந்துவிடும். போட்டி அட்டையில் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் வெறும் அரை மி.மீ.; ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ. முன் தாங்கல் பத்தில் ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாக அசைந்தாலே ஒரு மதிப்பெண் போய்விடும்! ஆகவே ஆடும் சாப்பாட்டு மேஜை இதற்கு உதவாது. இரண்டு செங்கல் தூண்களின் மேல் கோட்டா கல் பலகை ஒன்றைப் பதித்துவிட்டால் அதைவிட நல்ல மேஜை கிடையாது. அதற்கு இடமில்லாதவர்கள் கனமான மர மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போடலாம்.

இனி தாங்கி. முன் தாங்கிக்கு 19 மி.மீ. பிளைவுட்டில் ஒரு அடி நீளம், பத்து அங்குல அகலத்தில் பலகை போதும். கால் மூன்றுதான் இருக்க வேண்டும், நான்கு வேண்டாம். நாலு கால் ஸ்டூல் மேடு பள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. மூன்று 10 மி.மீ. போல்ட்டுகளை நட்டோடு பலகையில் பொருத்தி, கீழ்நுனியை அரத்தால் உருட்டிவிடுங்கள். இந்தப் போல்ட்டின் மரை இடைவெளி 1.5 மி.மீ. ஒரு காலை மட்டும் ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால், மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மூட்டை அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது அரை மி.மீ. உயரும். அட்டையில் அது 11 மி.மீ. கால் சுற்றுத் திருப்பினால் சுமார் 3 மி.மீ. இத்தனை நுட்பமாக உயரத்தைச் சரிசெய்யும் கருவி வீட்டிலேயே தயார். உயரம் சரியானதும் மேலே ஒரு லாக் நட் போட மறக்க வேண்டாம்.

பலகைக்கு மேல் மணல் மூட்டை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்தால் போதும். டெனிம் துணிக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன! கட்டட வேலை நடக்கும் இடத்தில் 'ரேத்தி' கேட்டால் ஒரு வாளி கொடுப்பார்கள். அதைச் சலித்து, நம் ஊர் மே மாத வெயிலில் இரண்டு நாள் காயப் போடுங்கள். ஈர மணல் தையலை மக்கச் செய்யும், இரும்பில் துருவேற்றும். அரிசியோ பயறோ போடலாம் என்று சிலர் சொல்வார்கள். கனமும் போதாது, எலிக்கும் விருந்து. மூட்டையைத் தட்டித் தட்டி நிரப்பி, கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கும் அளவில் நிறுத்துங்கள். முழுக்க அடைத்தால் கல்லாகிவிடும். அரைகுறையாக விட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் நழுவும். நடுவில் கையால் ஒரு பள்ளம் அமைத்து அதில் கட்டையை உட்கார வையுங்கள். பின்பக்கக் கட்டைக்குக் கீழே சிறிய மூட்டை ஒன்று. அதை இடது கையால் லேசாகப் பிசைந்தே குறியை ஏற்றி இறக்கலாம்.

குழல் எதிலும் படக் கூடாது. மூட்டையில் படுவது மரக்கட்டை மட்டுமே. அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படும்படி கட்டையில் டேப் ஒட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். விசையை இழுத்ததும் உள்ளே ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனை முன்னே தள்ளும். அதன் எதிர்விளைவாகத் துப்பாக்கி பின்னே நகரும். பிஸ்டன் அழுத்தக் காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே உதறும். இவ்வளவும் பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள் நடந்து முடிகிறது. கெட்டியான பரப்பில் வைத்தால் துள்ளி எழும். இறுக்கிப் பிடித்தால் பிடியின் பலம் மாறும்போதெல்லாம் குண்டும் இடம் மாறும். ஆகவே மூட்டையின் மேல் உங்கள் உள்ளங்கையை விரித்து வைத்து, அதன் மேல் கட்டையைக் கிடத்துங்கள். விரல்கள் பற்றக் கூடாது. தோளிலும் பட்டும் படாமல் இருக்கட்டும். அழுத்தக் காற்று சிலிண்டர் கொண்ட போட்டி ரைபிளில் இந்த உதறல் அநேகமாக இல்லை. அதை நேராக மூட்டையில் வைக்கலாம்.

சோதனைக்கு, குறியை மாற்றாமல் ஒரே புள்ளியில் ஐந்து குண்டுகள். இப்படி மூன்று அட்டைகள். நடுவில் விழுந்ததா என்று பார்க்காதீர்கள், நெருங்கி விழுந்ததா என்று பாருங்கள். ஓரத் துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து 4.5 மி.மீ. கழித்தால் குவியலின் அளவு கிடைக்கும். குவியல் சிறியதாக, ஆனால் ஒரு பக்கமாக விழுந்தால் குறியைத் திருத்தினால் போதும். சிதறினால் முதலில் கட்டைத் திருகுகளை முடுக்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் அவை அடிக்கடி தளரும். அடுத்து வேறு பெல்லட் டப்பா. அதன் பிறகும் சிதறினால்தான் துப்பாக்கியைக் குறை சொல்லலாம். எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனார் புது ரைபிளுக்கு முன்பணம் கொடுக்கப் புறப்பட்டவர். தாங்கியில் வைத்துப் பார்த்ததில் இரண்டு திருகுகள் தளர்ந்திருந்தது தெரிந்தது. ஸ்குரூ டிரைவரோடு விஷயம் முடிந்தது.

4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். அதற்காக ஃபிளாட் மொட்டை மாடியில் சுடலாம் என்று பொருளில்லை. பயிற்சி மையத்திலேயே ஒரு மேஜை கேட்டு வாங்குங்கள். தாங்கியில் இருந்தாலும் கண்ணாடி அணிய வேண்டும். பெல்லட் ஈயம், கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொட விடாதீர்கள்.

புதிதாகச் சேரும் சிறு பிள்ளைகளுக்கும் இந்தத் தாங்கி உதவும். போட்டி ரைபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளை அதைத் தூக்கி நிறுத்துவதிலேயே களைத்துவிட்டால் விசையை நிதானமாக இழுக்கக் கற்பது எப்போது? முதலில் சில வாரங்கள் மூட்டையில் வைத்துக் குறியும் விசையும் பழகட்டும். பிறகு பயிற்சியாளர் சொல்லும் நாளில், ஒரு வேளைக்குப் பத்துக் குண்டு மட்டும் நின்று சுடட்டும். மூட்டையை அவராக எடுக்கச் சொல்லும் வரை நீங்கள் எடுக்க வேண்டாம்.