காற்று போனாலும் கால் இறங்க வேண்டும்

ராத்திரி ஒன்பதரைக்கு மீட்டரில் 100 இருந்தது. காலையில் காபி டம்ளரோடு கராஜுக்குள் போய்ப் பார்க்கிறேன், முள் 62-ல் நிற்கிறது. மருமகனும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க மாமா, ராத்திரியெல்லாம் யாருமே தொடலையே, காத்து எங்கீங்க போச்சு?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் 29 வருஷம் என் வேலை. பல்லடம் பக்கம் ஒரு மில்லில் ஏர்ஜெட் தறிகளுக்குக் காற்று லைன் பார்த்தவன் நான். அந்தத் தறியில் நாடா ஓடாது. ஊடை நூலைக் காற்றே ஊதி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஞாயிற்றுக்கிழமை தறிகள் நின்றதும் ஷெட்டுக்குள் தனியாக நடந்து போவேன். எந்த ஃபிட்டிங்கில் கசிவு என்று ‘உஸ்’ சத்தமே கூப்பிட்டுச் சொல்லும்.

இப்போது நான் இருப்பது அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்தில், மகள் வீட்டில். மருமகனுக்கு மாடல் ஜெட் விமானம் என்றால் உயிர். வந்த இடத்தில் பேரனைக் கொஞ்சுவதோடு, அவருடைய ஜெட்டுக்குக் காற்று லைன் போடும் வேலையும் எனக்கு வாய்த்தது. கம்ப்ரசர் ஷெட்டில் கற்ற பாடம் ஒன்று, கையகல வால்வுப் பெட்டிக்கும் அப்படியே பொருந்துவதை அங்கே கண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

12 கிலோ ஜெட்

பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். மூக்கிலிருந்து வால்வரை 2 மீட்டர், எடை 12 கிலோ. உள்ளே இருப்பது மண்ணெண்ணெயில் எரியும் நிஜமான டர்பைன். சும்மா சுற்றும்போதே நிமிஷத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் ஓடும். முழு வேகத்தில் 1 லட்சத்தைத் தாண்டும். இவ்வளவு சின்ன டர்பைனை வீட்டுப் பட்டறையிலேயே செய்யலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் ஷ்ரெக்லிங். அவருடைய எஞ்சினில் காற்றை அமுக்கும் சக்கரம், ஒட்டுப்பலகையில் செதுக்கி கார்பன் நூல் சுற்றியது. அமெரிக்காவில் இந்த விமானத்தைப் பறக்கவிட, ‘அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ்’ என்ற சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது. டர்பைனுக்கென்று தனி அனுமதியும் வாங்க வேண்டும். லேக்லாந்தில் நடக்கும் ‘ஃபுளோரிடா ஜெட்ஸ்’ கூட்டத்துக்குப் போனால் இப்படிப்பட்ட ஜெட்டுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

தரையை விட்டு எழும்பியதும் ‘கியர்’ எனப்படும் மூன்று சக்கரக் கால்களும் மடிந்து வயிற்றுக்குள் போய்விட வேண்டும். வெளியே தொங்கினால் காற்றை எதிர்த்து வேகத்தைத் தின்னும். இறங்கும்போது கால்கள் விரிந்து, நேராக நின்று, பூட்டிக்கொள்ள வேண்டும். இறங்கிய பிறகு பிரேக்கும் பிடிக்க வேண்டும். டர்பைன் சும்மா சுற்றினாலும் விமானத்தை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக் இல்லாவிட்டால் அது நிற்காது.

மோட்டார் வைத்து மடக்கும் கால்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஆனாலும் காற்றுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. விரல் தடிமன் சிலிண்டர், சின்னத் தொட்டி, 4 மில்லிமீட்டர் டியூப் போதும். எடை குறைவு, இழுக்கும் பலம் அதிகம். தொட்டியில் அடிப்பது 100 பிஎஸ்ஐ. நம் ஊரில் கார் டயருக்கு முப்பது, முப்பத்திரண்டு வைப்போம். இது அதைப்போல மூன்று மடங்கு, ஏறக்குறைய லாரி டயருக்கு அடிக்கும் காற்று.

தீப்பெட்டி அளவு வால்வு

முன்பெல்லாம் ஒரு சின்ன சர்வோ மோட்டார், கம்பி வைத்து ஒரு வால்வைத் தள்ளி இழுக்கும். உள்ளே இருக்கும் ஓ-ரிங் தேயும், கம்பி கொஞ்சம் நகரும், வால்வு பாதியில் நின்று காற்றைக் கக்கும். அந்த இடத்துக்குத்தான் எலக்ட்ரானிக் வால்வு வந்திருக்கிறது. தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குள் சோலினாய்டு காயிலும் ஒரு சிப்பும் இருக்கின்றன. ஒயரை ரிசீவரில் செருகினால் போதும். ரிமோட்டிலிருந்து வரும் செய்தி ஒரு துடிப்பு. 1 மில்லிசெகண்டு நீளமாக வந்தால் ஒரு பக்கம், 2 மில்லிசெகண்டு என்றால் மறுபக்கம். எது ‘மேலே’, எது ‘கீழே’ என்பதை நாம்தான் வால்வுக்குச் சொல்லித்தர வேண்டும். எங்கள் வால்வில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. சுவிட்சை மேலே வைத்து ஒரு அமுக்கு, கீழே வைத்து ஒரு அமுக்கு.

சொல்லித்தருவதற்கு முன்பே அவசரப்பட்டு ஒரு தப்புச் செய்தோம். விமானத்தை மேஜைமேல் அதன் சொந்தக் கால்களிலேயே நிறுத்திவிட்டு, தொட்டியில் காற்றும் அடித்துவிட்டு, கரண்ட் கொடுத்தோம். ரிமோட்டில் அந்தச் சுவிட்ச் ‘மேலே’ என்ற பக்கம் இருந்தது. மூன்று கால்களும் ஒரே மூச்சில் மடிந்தன. 12 கிலோவும் மேஜையில் கிடந்த ஸ்பேனர்மேல் உட்கார்ந்தது. முன்கால் கதவு நெடுக விரிசல். மருமகன் ஒன்றும் பேசவில்லை; கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தறியில் கை வைக்கும் முன் காற்றை மூடு, லைனில் மிச்சம் இருப்பதை வெளியே விடு என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருப்பேன்! அன்றைக்கு அதை நானே மறந்தேன். விமானத்தை வயிற்றில் தாங்கும் ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதுதான் கியர் வேலை. இந்த வேலையில் இறங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வெட்டு நேராக இருக்கணும்

இனி அந்த 62-க்கு வருவோம். கசிவைத் தேட ஒரே வழி, பிரித்துப் பிரித்துப் பார்ப்பது. கியர் லைனைக் கழற்றி அடைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். முள் இறங்கியது. கியர் லைனைத் திரும்ப மாட்டி, பிரேக் லைனை அடைத்தோம். முள் அசையவில்லை. அப்படியானால் கசிவு பிரேக் பக்கம். ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தேன். பிரேக் வால்வுக்குப் பிரியும் ‘டி’யில் கடுகளவு குமிழி ஒன்று மெல்ல ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. டியூபை உருவி கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நுனி சாய்வாக இருந்தது.

“எதில வெட்டுனீங்க மாப்பிள்ளை?”

“கத்திரியிலதானுங்க மாமா.”

புஷ் ஃபிட்டிங்குக்குள் ஒரு ரப்பர் வளையம் டியூபைச் சுற்றிக் கவ்விக்கொண்டிருக்கும். கத்திரி டியூபை நசுக்கிச் சாய்வாக வெட்டும். சாய்ந்த நுனி அந்த வளையத்தை முழுவட்டமாகத் தொடாது, பாக்கி இடத்தில் காற்று போய்விடும். புது பிளேடு வைத்து நேர்குத்தாக வெட்டி, அடிவரை தள்ளி, ஒருமுறை பின்னால் இழுத்துப் பார்த்தோம். மறுநாள் காலையில் முள் 98-ல் நின்றது.

ஆனால் அந்தக் கசிவு வேறொன்றையும் காட்டிக்கொடுத்தது. பிரேக்குக்கும் கியருக்கும் ஒரே தொட்டி வைத்திருந்தோம். கசிந்தது பிரேக், காலியானது கியருக்கான காற்று. பிரேக் இல்லாமல் இறங்கினால் ஓடுதளம் தாண்டிப் புல்லில் போய் நிற்கும். கால் இல்லாமல் இறங்கினால் வயிறு கிழியும், உள்ளே எரிபொருள் வேறு இருக்கிறது. அன்றைக்கே இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி போட்டோம்.

ஒயரைப் பிடுங்கிப் பார்

காற்று போனால் என்ன ஆகும் என்பது பழைய கேள்வி. 1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குக் காற்று பிரேக் கண்டுபிடித்தார். முதலில் செய்ததில் காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே இருக்காது. 1872-ல் அவரே அதைத் தலைகீழாக்கினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், அழுத்தம் இறங்கினால் தானே பிடிக்கும். பெட்டி கழன்றாலும் ரயில் நின்றுவிடும். இன்றைய கனரக பஸ், லாரிகளின் பார்க்கிங் பிரேக்கிலும் ஸ்பிரிங்தான் பிடிக்கிறது. காற்று அதை விலக்கி வைக்கிறது. காற்றை நம்பி ஒரு இயந்திரம் செய்தால், காற்று போகும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். மில்லில் நான் கற்ற பாடம் இதுதான்.

ஆகவே ஸ்டாண்டில் விமானம் இருக்கும்போதே ஒவ்வொன்றையும் வரிசையாகத் துண்டித்துப் பார்த்தோம். ரிமோட்டை அணைத்தால் கால் எங்கே நிற்கிறது? ரிசீவரிலிருந்து வால்வு ஒயரைப் பிடுங்கினால்? எங்கள் வால்வு கரண்ட் இல்லாதபோது ஒரு வாயைத் திறந்தே வைத்திருக்கும். காலை இறக்கும் டியூபை அந்த வாயில் மாட்டினோம். எல்லா வால்வும் இப்படி இருக்காது. சிலது கடைசியாக இருந்த நிலையிலேயே நின்றுவிடும். உங்களுடையது எது என்பதை ஒயரைப் பிடுங்கினால் அதுவே சொல்லும்.

அடுத்தது காற்றுக் குறைவு. எங்கள் வால்வில் அழுத்தம் பார்க்கும் சென்சார் இருக்கிறது. நாம் குறித்த எண்ணுக்குக் கீழே போனால், யாரும் சொல்லாமலே காலை இறக்கிவிடும். எந்த எண்ணை வைப்பது? தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டு ஒவ்வொரு தடவையும் காலை இறக்கிப் பார்த்தோம். 50 வரை மூன்றும் ‘டக்’கென்று பூட்டின. அதற்குக் கீழே முன்கால் பூட்டாமல் தொங்கியது. இது கராஜுக்குள். வானத்தில் கதை வேறு. எங்கள் முன்கால் பின்பக்கமாக மடிவது. இறங்கும்போது எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னே வர வேண்டும். பயணிகள் ஜெட் விமானங்களில் முன்கால் பெரும்பாலும் முன்பக்கமாக மடிவதற்குக் காரணமே, அவசரத்தில் பூட்டைத் திறந்துவிட்டால் தன் எடையாலும் காற்று தள்ளுவதாலும் தானே இறங்கிப் பூட்டிக்கொள்ளட்டும் என்பதுதான். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் 15 கூட்டி 65 என்று வைத்தோம்.

பிரேக்குக்கு வேறு பக்குவம். சக்கரத்தின் நடுக்குடத்தில் ஒரு ரப்பர் வளையம். காற்று உள்ளே போனதும் அது உப்பி சக்கரத்தின் உள்சுவரை உரசும். ரிமோட்டின் குச்சியைப் பாதி தள்ளினால் பாதிப் பிடி, முழுசாகத் தள்ளினால் முழுப் பிடி. இதற்காக வால்வு விட்டுவிட்டுத் துடித்துக் காற்றை அளந்து அனுப்புகிறது. 100-ஐயும் அப்படியே கொடுத்தால் சக்கரம் இறுகி டயர் தேயும். டர்பைன் சும்மா சுற்றும்போது விமானம் நகராமல் நிற்க எவ்வளவு வேண்டும் என்று பார்த்தோம், 40-ல் நின்றது. 50-ஐ உச்சமாக வைத்தோம். வலது இடது டியூப்கள் ஒரே நீளம். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் குச்சியை முன்னே தள்ளினால் பிரேக், அதுவும் கால் இறங்கியிருந்தால் மட்டும். தரை தொடும் நேரத்தில் குச்சியைப் பின்னால்தான் இழுத்திருப்போம், ஆகவே சக்கரம் தாராளமாக உருளும். மூக்குச் சக்கரம் தரையில் அமர்ந்த பிறகு முன்னே தள்ளினால் பிரேக்கும் பிடிக்கும், மூக்கும் தரையோடு அழுந்தும்.

ஃபுளோரிடா காற்றில் ஈரம் அதிகம். அமுக்கிய காற்றில் அந்த ஈரம் தண்ணீராகச் சேர்ந்து வால்வுக்குள் போகும். மில்லில் தினமும் காலையில் கம்ப்ரசர் தொட்டியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது போல, பறந்து முடித்த ஒவ்வொரு சாயங்காலமும் தொட்டியை முழுக்கக் காலி செய்துவிடுகிறோம்.

ஏழாவது தடவை

ஒரு சனிக்கிழமை, பறக்கவிடும் மைதானத்தில் வேலியோரம் குழந்தைகள் கூட்டம். கால் மடிவதையும் விரிவதையும் பார்த்து அவர்கள் கத்தக் கத்த, மருமகனுக்கும் உற்சாகம். தாழப் பறந்து காலை இறக்கிக் காட்டினார், மடக்கினார், வளைத்துக்கொண்டு வந்து மறுபடி இறக்கிக் காட்டினார். நாலாவது முறையாக மடக்கி மேலே ஏறும்போது, கால்கள் மூன்றும் மெதுவாக வெளியே வந்து நின்றன.

“மாமா! நான் சுவிட்சத் தொடவே இல்லீங்க!”

“தொட வேண்டாம் மாப்பிள்ளை. அப்படியே கொண்டுவந்து இறக்குங்க.”

இறங்கியது. ஓடி, நேராக நின்றது. மூடியைத் திறந்து மீட்டரைப் பார்த்தேன், 57. எங்கேயும் கசிவில்லை. மர நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். கியர் தொட்டி 125 மில்லி, மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து 9 மில்லி. மடக்கினாலும் இறக்கினாலும், ஒவ்வொரு அசைவிலும் தொட்டிக் காற்று அந்த 9 மில்லிக்குள்ளும் பரவுகிறது. 100-ல் தொடங்கினால் முதல் அசைவுக்குப் பின் 93, பிறகு 87, 81, 76, 71, 66. ஏழாவது அசைவில் 61. அது 65-க்குக் கீழே. காலை இறக்கப் போதுமான காற்று இருக்கும்போதே வால்வு இறக்கிவிட்டது. இறக்கிய பின் மீதி 57.

மருமகன் நோட்டை வாங்கி அந்த எண்களை ஒருமுறை தாமே எழுதிப் பார்த்தார். பிறகு ஸ்டிக்கர் ஒன்று கிழித்து, பேனாவால் ‘6’ என்று பெரிதாக எழுதி, காற்று அடிக்கும் வாய்க்குப் பக்கத்தில் ஒட்டினார். நான் பம்பை எடுத்து மாட்டினேன்.