கைபேசியில் கரைந்த பணமும் நியாயஸ்தலமும்

பேசாலையிலோ தலைமன்னாரிலோ, பல பருவங்கள் கடலில் உழைத்துச் சேர்த்த பணத்தையும் நகையை அடைவு வைத்துப் பெற்ற தொகையையும், உறவினர் ஒருவரின் வார்த்தையை நம்பிக் கிரிப்டோ நிறுவனமொன்றில் போட்டுவிட்டு, ஒருநாள் காலையில் அந்தச் செயலி திறவாமற் போனதைக் காணும் குடும்பம், வெட்கத்தினால் வாய்மூடியிருந்துவிடுவதே பெரும்பாலும் நேர்கிறது. இந்த மௌனம் மோசக்காரருக்கே அனுகூலமாகிறது; ஏனெனில் முறைப்பாடு தாமதிக்குந்தோறும் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே போகிறது.

நம் நாட்டில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. ‘ஸ்போர்ட்ஸ் செயின்’ என்னும் கிரிப்டோத் திட்டத்தின் தொடர்பில் சீனத் தம்பதியர் 2022 நவம்பரில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டனர். அத்திட்டத்தையும் ‘ஒன்மாக்ஸ் டி.டி.’ என்பதையும், 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவுக்கு விரோதமான, ஆள்மேல் ஆள் சேர்த்துப் பணம் திரட்டும் பிரமிட் திட்டங்களென மத்திய வங்கி 2023இல் பெயர்கூறி அறிவித்தது. அனுமதிபெற்ற வங்கியொன்று முறிந்தால் வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. கிரிப்டோவில் போட்ட பணத்துக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை.

ஆதலால் சாட்சியமே இங்கு மூலதனம். வங்கியில் பணம் கட்டிய சீட்டு, பணம் பெற்றவரின் கணக்கிலக்கம், வாட்ஸ்அப் உரையாடல், செயலி மூடப்படுமுன் எடுத்த திரைப்பிடிப்பு ஆகியவற்றைத் திகதி வரிசைப்படி அடுக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்கவேண்டும். மத்திய வங்கிக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். செயலி காட்டிய டொலர்க் கணக்கைக் காட்டிலும் கையிலிருந்து சென்ற ரூபாயைக் காட்டும் அந்தச் சிறிய வங்கிச் சீட்டே பெறுமதி மிக்கது. தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வஞ்சனை, நம்பிக்கை மோசடி என்ற குற்றங்களுக்கும் அது ஆதாரமாகும். பொலிஸார் அசட்டை செய்தால், நீதவான் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவரே தனிப்பட்ட பிராது தாக்கல் செய்யவும் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இடமளிக்கிறது.

மிகக் கடினமான இடம் வேறொன்று. உங்களைச் சேர்த்துவிட்டவர் மைத்துனராகவோ ஞானத்தாயாகவோ இருக்கலாம். நீங்களும் நால்வரைச் சேர்த்திருக்கலாம். 83சி பிரிவு இத்தகைய திட்டத்தைத் தொடங்குவதையும் நடத்துவதையும் மாத்திரமன்றி, விளம்பரப்படுத்துவதையும் தடைசெய்கிறது. ஆகவே வாக்குமூலம் கொடுப்பதற்கு முன்னரே சட்டத்தரணி ஒருவரோடு கலந்தாலோசிப்பது அவசியம். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அறியாமல் அழைத்தவரையும் அறிந்தே ஏமாற்றியவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமன்று என்பது என் துணிபு.

பணத்தை மீட்கச் சிவில் வழக்கும் உண்டு. ஆயினும் வழக்குத் தொடரும் கால எல்லையை வகுக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து மூலமான உடன்படிக்கைக்கு 6 வருடங்கள், வாய்மொழி உடன்படிக்கைக்கு 3 வருடங்களே. முறிந்தது வெளிநாட்டு நிறுவனமாயின், அந்நாட்டு வங்குரோத்து நீதிமன்றத்தில் உரிய தவணைக்குள் கோரிக்கை பதியவேண்டும். 2014இல் டோக்கியோவில் வீழ்ந்த ‘மவுண்ட் கொக்ஸ்’ என்னும் கிரிப்டோ நிறுவனம் தன்னிடமிருந்த பிட்கொயினைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது 2024 ஜூலையில்தான். 2022 நவம்பரில் வீழ்ந்த ‘எப்.டி.எக்ஸ்’ என்னும் மற்றொரு கிரிப்டோ நிறுவனம், வாடிக்கையாளரின் உரித்தை, முறிவு நாளின் தாழ்ந்த விலையிலேயே கணித்தது.

இதற்கிடையில், முன்பணம் கட்டினால் இழந்ததை மீட்டுத் தருவதாக யாரேனும் அழைத்தால், அவரது தொலைபேசி இலக்கத்தையும் அதே முறைப்பாட்டில் சேர்த்துவிடுங்கள்.