முதுமையின் மறதி: மூளையில் நடப்பது என்ன?

நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். சில நேரம் எரிந்தும் விழுகிறோம். ஆனால் அது அல்சைமர் போன்ற நோயாகவும் இருக்கலாம்.

புரதம் என்பது நீண்ட சங்கிலி. பெரும்பாலான புரதங்கள் சரியான வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். தவறாக மடிந்தவற்றை உடலே அகற்றிவிடும். வயது கூடக்கூட இந்தத் துப்புரவு தளர்கிறது. எஞ்சியவை ஒன்றோடொன்று ஒட்டிப் படிகின்றன. அல்சைமரில் நரம்புச் செல்களுக்கு வெளியே அமிலாய்டு பீட்டாவும் உள்ளே டௌ புரதமும் படிகின்றன. பார்க்கின்சனில் படிவது ஆல்ஃபா சைனூக்ளின்.

இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் இத்தகைய படிவுகளைக் கண்டதை ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் அறிவித்தார். பிரியான் என்ற, தவறாக மடிந்த புரதம் நல்ல புரதத்தையும் தன்னைப்போல் மாற்றிவிடும் என்று கண்டறிந்த ஸ்டான்லி புருசினருக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அல்சைமர் நோயாளிக்குப் பணிவிடை செய்வதால் அந்நோய் நமக்கு ஒட்டாது.

இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும், அவற்றைச் சரிசெய்யலாம். எனவே தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுவோம். உம்மா பத்தாவது முறை கேட்டாலும், முதல் முறை கேட்டதுபோலவே பதில் சொல்வோம்.