கண்ணாடிப் பெட்டிக்குள் ஒளி எவ்வளவு நேரம் தங்கும்?

ஆறு பக்கமும் நிலைக்கண்ணாடி பதித்த அறையில் எரியும் விளக்கை அணைத்துவிட்டால், உள்ளே இருந்த ஒளி என்ன ஆகும்? வெளியேற வழியே இல்லாதபோது அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் எந்தக் கண்ணாடியும் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. நல்ல வெள்ளிப் பூச்சு 95 சதவீதத்தைத் திருப்புவதாகக் கொள்வோம். மீதி, பூச்சிலுள்ள எலக்ட்ரான்களை அசைத்து வெப்பமாகிவிடும். ஒரு மோதலில் இந்த இழப்பு அற்பம். ஆனால் 3 மீட்டர் அறையை ஒளி விநாடிக்கு 10 கோடி முறை கடக்கிறது. 100 மோதல்களில், அதாவது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள், ஒரு சதவீதம்கூட மிஞ்சாது.

அப்படியானால் இன்னும் சிறந்த கண்ணாடி செய்தால் போதாதா? செய்து பார்த்திருக்கிறார்கள். பாரிஸில் இயற்பியலாளர் செர்ஜ் அரோஷின் குழு, நியோபியம் பூசிய இரண்டு செம்புக் கண்ணாடிகளை 2.7 சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தி, 0.8 கெல்வின் வரை குளிர்வித்தது. அந்தக் குளிரில் நியோபியம் மீக்கடத்தி. மின்தடை ஏறக்குறைய இல்லை. அங்கே ஒரு ஃபோட்டான் சராசரியாக 0.13 விநாடி தங்கியது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அல்ல, நுண்ணலைதான். இருந்தும் நூறு கோடிக்கும் மேற்பட்ட முறை எதிரொளித்து, பூமியைச் சுற்றும் அளவு தூரம் ஓடியிருக்கிறது! பார்த்தாலே கண் ஒளியை விழுங்கிவிடுமே, அது உள்ளே இருந்ததை எப்படி அறிவது என்று கேட்கலாம். ரூபிடியம் அணுக்களைக் கண்ணாடிகளின் ஊடே அனுப்பி, அவற்றில் நேரும் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு, ஃபோட்டானை அழிக்காமலே கண்டறிந்தார்கள். 2012 நோபல் பரிசை அரோஷ் பகிர்ந்துகொண்டது இத்தகைய சோதனைகளுக்காகத்தான். ஆனாலும் பரப்பின் மிகச் சிறு கரடுமுரடும் எஞ்சிய இழப்பும் கடைசியில் அந்த ஃபோட்டானையும் பறித்துக்கொண்டன. பொருளால் ஆன சுவர் இருக்கும்வரை ஒளியைத் தாமதப்படுத்தலாம், நிரந்தரமாகச் சிறைவைக்க முடியாது என்பதே என் முடிவு.

இழந்த ஆற்றல் எங்கும் தொலையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது சுவரைச் சிறிது சூடாக்குகிறது; சூடுள்ள எந்தச் சுவரும் தானே கதிர்வீசும். மூடிய குழியில் இருக்கும் இந்தக் கதிர்வீச்சை விளக்க முயன்றபோதுதான், 1900இல் மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் இயற்பியலுக்கு அடித்தளமிட்டார். விளக்கின் ஒளி போய்விட்ட அந்த அறையிலும், சாதாரண வெப்பநிலையில், ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 50 கோடி ஃபோட்டான்கள் எப்போதும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அகச்சிவப்பு என்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.