விமானத் தாமதமும் நட்டஈட்டு உரிமையும்

திருகோணமலைத் துறைமுகத்தோடு சிறிதேனும் தொடர்புடையார்க்கு ‘டெமரேஜ்’ என்னும் சொல் புதிதன்று. வாடகைக்கு அமர்த்தப்பட்ட கப்பலொன்று சரக்கை இறக்குதற்கு இத்தனை நாள் என உடன்படிக்கையிலேயே வரையறை செய்யப்படும். அந்நாள் கடந்தால், கப்பலை அமர்த்தியவர், முன்னரே பேசிக்கொண்ட தொகையை நாளொன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கிற் கப்பலுடையார்க்குக் கொடுத்தல் வேண்டும். தமக்கு உண்மையில் எவ்வளவு நட்டம் நேர்ந்தது எனக் கப்பலுடையார் எண்பிக்க வேண்டுவதில்லை; நாட்களை எண்ணிக் காட்டினாற் போதும்.

கடல் வாணிகத்தில் நிலைபெற்ற இம்முறை விமானப் பிரயாணத்திலும் உண்டா? விமானம் தாமதித்தாற் பணம் கிடைக்கும் என்பாரும், ஒன்றும் கிடையாது என்பாரும் நம்மிடையே உளர். இரு சாராரும் ஒருவகையில் உண்மையே கூறுகின்றனர். ஏனெனில், இதுபற்றிய சட்டம் ஒன்றன்று. எண்பிக்கப்பட்ட நட்டத்தை மட்டும் ஈடுசெய்வது ஒருவகைச் சட்டம். டெமரேஜைப் போல மணிக்கணக்கை நோக்கி நிலையான தொகை அளிப்பது மற்றொருவகை. இவற்றுள் எது பொருந்தும் என்பது, பிரயாணி எந்நாட்டவர் என்பதைப் பொறுத்ததன்று. எங்கிருந்து, எக்கம்பனியின் விமானத்திற் புறப்பட்டார் என்பதையே பெரிதும் பொறுத்தது.

முதலாவது முறையே இலங்கையில் உள்ளது. 1929 ஆம் ஆண்டின் வார்சோ சமவாயத்துக்குப் பதிலாக 1999 இல் மொன்றியல் நகரிற் புதிய சமவாயம் ஒன்று செய்யப்பட்டது. இலங்கை 2018 இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது; 2019 தொடக்கம் அச்சமவாயம் இந்நாட்டைப் பிணிக்கின்றது. அதன் 19 ஆம் உறுப்புரையின்படி, தாமதத்தால் விளையும் நட்டத்துக்கு விமானக் கம்பனி பொறுப்பாகும். நட்டத்தைத் தவிர்ப்பதற்கு நியாயமாக எடுக்கத்தக்க நடவடிக்கைகள் யாவற்றையும் எடுத்ததாக, அன்றி அவற்றை எடுத்தல் இயலாதிருந்ததாகக் கம்பனி எண்பித்தால் மட்டுமே அது தப்பலாம். எண்பிக்கும் பொறுப்பு கம்பனியுடையது என்பதை ஊன்றி நோக்குக. ஆயின், நட்டத்தின் அளவை எண்பிக்கும் பொறுப்போ பிரயாணியுடையது.

தாமதத்துக்குரிய உச்ச எல்லை, 2024 டிசெம்பர் 28 முதல், ஒருவருக்கு 6,303 சிறப்பு எடுப்பனவு உரிமையாகும். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு. 8,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட தொகை. இதனைக் கேட்டவுடன் மகிழ்வோர் உளர். எல்லை வேறு, கிடைக்கும் தொகை வேறு. பற்றுச்சீட்டு ஐயாயிரம் ரூபாவுக்காயின் ஈடும் ஐயாயிரமே.

நமது மாவட்டத்தார் இவ்விடத்திலேதான் இடர்ப்படுகின்றனர். சீனக்குடாவில் ஓடுபாதை இருப்பினும் வெளிநாடு செல்வோர் கட்டுநாயக்காவுக்கே போதல் வேண்டும். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 250 கிலோமீற்றர். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ புறப்படுவார் அவ்வழிக்கு வான் ஒன்றை அமர்த்துவர். விமானம் பத்து மணித்தியாலம் பிந்தினால், வானுக்குக் காத்திருப்புக் கூலி, தங்கும் அறை, உணவு எனச் செலவு பெருகும். கொழும்பில் வாழ்பவர் வீடு திரும்பித் துயின்றுவிட்டு வரலாம். நம்மவர்க்கு அது கூடாது. எனவே, ஒரே தாமதம் நம்மவர்க்குக் கூடுதலான நட்டத்தை விளைக்கின்றது. நட்டத்தை அளந்து கொடுக்கும் சட்டம் இத்தகையோர்க்கே மிகவும் பயன்படல் வேண்டும். ஆனால் வான் சாரதியிடம் பற்றுச்சீட்டு கேட்பவர் யாவர்? கையிற் கொடுத்த காசுக்குச் சான்றில்லை. சான்றில்லாத செலவைக் கம்பனி ஏற்காது. திகதி, தூரம், காத்திருந்த நேரம், பெற்ற தொகை ஆகியவற்றை எழுதிச் சாரதி கையொப்பமிட்ட ஒரு துண்டுத் தாள் பெரிதும் உதவும். தாமதத்தின் காரணத்தைக் கம்பனியின் அலுவலரிடம் எழுத்திற் பெறுதலும், விமானம் ஏறும் அனுமதிச் சீட்டைப் பேணுதலும் அவ்வாறே.

வாகனச் செலவு அற்ப விடயமன்று என்பதற்கு இந்திய வழக்கொன்று சான்று. 2016 இல் ஜம்முவுக்குச் சென்ற புகையிரதம் நான்கு மணித்தியாலம் பிந்தியதாற் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒருவர், வாடகைக் காரில் அங்குச் சென்றார். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டாத புகையிரத நிருவாகம் அக்கூலியையும் வேறு செலவுகளையும் கொடுத்தல் வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2021 இல் உறுதிசெய்தது.

இனி, இரண்டாவது முறை. ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் ஆக்கிய ஒழுங்குவிதி 2005 பெப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. விமானம் இரத்தாயின் தூரத்துக்கேற்ப 250, 400, 600 யூரோ என அது விதித்தது. தாமதத்துக்கு அத்தகைய தொகையை அதன் வாசகம் வெளிப்படக் கூறவில்லை. ரொறன்ரோவிலிருந்து பிராங்க்பேர்ட்டுக்கு ஏறத்தாழ 25 மணித்தியாலம் பிந்தி வந்த குடும்பமொன்றின் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2009 நவம்பர் 19 இல், மூன்று மணித்தியாலமும் அதற்கு மேலும் பிந்தி வந்தவரும் அத்தொகைக்கு உரியர் எனத் தீர்த்தது. சாதாரண இயந்திரக் கோளாறு கம்பனிக்கு விலக்களிக்காது என்பதை அதே நீதிமன்றம் முந்திய ஆண்டிலேயே கூறியிருந்தது. கடும் புயல் போன்றவை வேறு.

பிரித்தானியா ஒன்றியத்தினின்று நீங்கிய பின்னரும் அவ்விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. இலண்டனிலிருந்து கொழும்புக்கு வருபவர் நான்கு மணித்தியாலத்துக்கு மேற் பிந்தினால் 520 பவுண் கேட்கலாம். விமானம் எந்நாட்டுக் கம்பனியுடையதாயினும் ஆகுக. கட்டாரிலோ துபாயிலோ மாறி ஏறுதலால், ஒரே பதிவில் அமைந்த பிரயாணத்தின் உரிமை கெடாது என இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 இல் எமிரேற்ஸ் கம்பனியின் வழக்கில் விளக்கியுள்ளது. ஆனால் அதே பிரயாணி கொழும்பிலிருந்து இலங்கைக் கம்பனியின் அல்லது வளைகுடாக் கம்பனியின் விமானத்தில் இலண்டன் திரும்பும்போது அவ்விதி அவரைக் காவாது. மொன்றியல் சமவாயமே எஞ்சும். வரும்போது 520 பவுண், போகும்போது பற்றுச்சீட்டு! கனடா 2019 இல் ஆக்கிய விதிகள் அந்நாட்டுக்குச் செல்லும் விமானங்களையும் தழுவுவன. கம்பனியின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட தாமதங்களுக்கு, பெரிய கம்பனியாயின், 400 முதல் 1,000 கனேடிய டொலர் வரை கிடைக்கும்.

தந்தையின் ஈமக் கிரியைக்கு விரைந்து வரும் மூத்த மகன், கொள்ளி வைக்கும் நேரம் கழிந்தபின் வந்து சேர்ந்தால் அவர் இழந்தது யாது? சமவாயம் அதனை அளக்க வல்லதன்று. வெறும் மனவேதனைக்கு ஈடளிக்கப் பல நாட்டு நீதிமன்றங்கள் தயங்கியுள்ளன. நிலையான தொகையோ, விடுமுறைக்கு வந்தவருக்கும் அவருக்கும் ஒன்றே. எனினும், அவர் தம் துயரத்தைக் கணக்கிட்டு எண்பிக்க வேண்டுவதில்லை என்பதனால், நிலையான தொகை முறையே மேலானது என்பது எமது துணிபு. இலங்கையும் அத்தகைய விதியை ஆக்குதல் தகும்.

வழக்குத் தொடரும் இடமும் அறியத்தக்கது. கம்பனியின் தலைமையிடம், சீட்டு வழங்கிய அதன் வாணிக நிலையம், பிரயாணத்தின் முடிவிடம் ஆகியவற்றின் நீதிமன்றங்களுள் ஒன்றை நாடலாம். கொழும்பிற் புறப்பட்டுக் கொழும்புக்கே மீளும் இருவழிச் சீட்டுக்குக் கொழும்பே முடிவிடமாகக் கொள்ளப்படும். ஆதலின் வெளிநாட்டுக் கம்பனியாயினும் இங்கு வழக்கிடலாம். இலண்டனிற் புறப்பட்டு மீளும் சீட்டுக்கு முடிவிடம் இலண்டன். விமானம் சேர்ந்த, அன்றிச் சேர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடர்தல் வேண்டும். பின்னர் உரிமை அற்றுப்போம். பொதிகள் பிந்தினால், அவை கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் முறையிடல் வேண்டும்.